தரையில் படாத கிளை

திண்டிவனத்துக்குத் தெற்கே இருந்த பரோட்டாக் கடையை விட்டு நடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றுமில்லை. காலையில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தேன். கல்லாவில் இருந்தவரிடம் "வர்றேங்க" என்றேன். "வரும்போது தீப்பெட்டி வாங்கியா" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விழுப்புரம் போகும் பக்கம் திரும்பிவிட்டேன். என் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. படுக்கிற பாயில் எந்தக் கோரை எங்கே பிரிந்திருக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரிய ஆரம்பித்தால் எனக்குக் கால் அரிக்கும்.

நான்குவழிச் சாலையில் நடப்பது சுகமான காரியமில்லை. ஒவ்வொரு லாரியும் ஒரு பிடி மண்ணை வாயில் போட்டுவிட்டுப் போகும். ஆவணி பிறந்தும் வெயில் குறையவில்லை. கூட்டேரிப்பட்டு வந்ததும் ஒரு டீக்கடை நிழலில் ஒதுங்கி டீ வாங்கினேன். அங்கேதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்டால் அதைத் தள்ள அடியிலிருந்து ஒரு காற்றை உரசிவிடுவோமே, அந்தச் சத்தம். ஆனால் முள் எதுவும் இல்லாமல், பேச்சுக்கு நடுவே, சாதாரணமாக வந்தது. பேசியது ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கடைக்கு எதிரே மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள், உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. பக்கத்தில் அவள் வயதுக்காரன் ஒருவன் ஒரு பச்சைக் கிளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். அவள் கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். முன்பு கோட்டக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினேன். கடைக்கார பாய் ஒவ்வொரு நாளும் கூலி கொடுத்ததும் அரபியில் ஒரு வாழ்த்துச் சொல்வார், அதன் கடைசியில் 'ஃகைர்' என்று வரும். நான் திருப்பிச் சொன்னால் 'கைரு' என்றுதான் விழும். "கயிறு வேணும்னா பின்னாடி கெடக்குது, எடுத்துக்கோ" என்று சிரிப்பார். கிளம்புவதற்குள் அதைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் போனேன். ஆய்த எழுத்து என்று மூன்று புள்ளி வைத்தார்களே, அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கோட்டக்குப்பத்தில்தான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

அதனால் அந்த இருவரையும் "பாய் வூட்டாளுங்களா?" என்று கேட்டேன்.

"இந்திக்காரங்கப்பா" என்றார் டீ மாஸ்டர். "அரிசி மில்லுல வேல. போன்ல எலயக் காட்னான். பூவரசு, எங்கூட்டாண்ட நிக்கிது, ஒடிச்சிக்கோன்னேன். ஒடிச்சிக்கினு வந்தா, இந்தப் பொண்ணு மோந்து பாத்துட்டு வேணாங்குது. இன்னா, புளிச்ச மாவா அது?"

அவன் போனை என்னிடம் நீட்டினான். இதய வடிவத்தில் அகன்ற இலை.

"பூவரசுதாம்பா" என்றேன்.

"நீங்களுமாண்ணா?" என்றான் அவன், நல்ல விழுப்புரத்துத் தமிழில். "காலைலேந்து எல்லாரும் இதான் சொல்றாங்க. ஒரே பேஜாரு." விரலால் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினான். அதில் பூ இருந்தது. பூவரசம்பூ மணி மாதிரி கவிழ்ந்திருக்கும். இது கோலிக்குண்டு மாதிரி உருண்டை, மஞ்சள், மேலெல்லாம் மயிர் நீட்டிக்கொண்டு.

அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் பழைய சோற்றின் ருசி வந்தது. திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி அள்ளிய காலத்தில், இந்தப் பூ கொட்டிக் கிடந்த ஒரு மரத்தடியில்தான் தூக்குவாளியைத் திறப்போம். வெடி வைக்கிறவர் ஒருவர், "மஞ்சக்கடம்புடா, சீப்பு செய்ற மரம்" என்று சொல்லியிருந்தார்.

எதற்கு இந்த மரம் என்று கேட்டேன். அவன் சொன்னது இது. அவர்கள் ஜார்கண்டுக்காரர்கள். அன்று அவர்களுக்குக் கரமா பண்டிகை. ஊரில் அந்த மரத்தின் கிளையை வெட்டி வந்து நடுவாசலில் நட்டுக் கும்பிடுவார்கள். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் விரதம் இருப்பார்கள். இவளுக்கு ஒரே அண்ணன். மில்லில் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்து அவன் கால்மேல் விழுந்துவிட்டது. இரும்பு வைத்தும் புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டு வருகிறது. விழுப்புரத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். மறுநாள் விடியற்காலையில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். பாதம் தங்குமா, எடுக்கவேண்டுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"இவ நேத்து ராத்திரிலேந்து தண்ணி கூட குடிக்கல. கிளை நட்டு, பூசை முடிச்சிதான் குடிப்பா."

"கெடைக்கலன்னா?"

அவன் அதை அவளிடம் கேட்கவே இல்லை. "குடிக்க மாட்டாண்ணா" என்றான்.

நான் டீயைக் கீழே வைத்தேன். எனக்குப் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை, அது அன்றைக்கு வசதியாக இருந்தது. மரம் இன்னும் நிற்கிறதா என்று தெரியாது, போய்ப் பார்க்கலாம் என்றேன். அவள் மில்லுக்குத் திரும்பினாள். கிளை வருகிறதோ இல்லையோ, நடும் இடத்தை மெழுகி வைக்கவேண்டுமாம். நாங்கள் இருவரும் மயிலம் போய் அங்கிருந்து திருவக்கரை பஸ் பிடித்தோம்.

பஸ்ஸில் அவன் எனக்கு அவர்கள் பேச்சைச் சொன்னான். இந்தி மில்லுக்கு, தமிழ் கடைக்கு, வீட்டுக்குக் குடுஃக். பாஷையின் பெயரே அந்தச் சத்தத்தில்தான் முடிகிறது. வெளியே இருப்பவர்கள் குருக் என்று எழுதிக்கொள்கிறார்களாம்.

"சொல்லுங்கண்ணா."

"குடுஃக்."

அவன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேஸ்திரி ரெண்டு வருசமா குடுக்கு குடுக்குங்கறாரு. உங்களுக்கு எப்பிடி வருது?"

கோட்டக்குப்பத்துக் கூலி என்றேன்.

பிறகு அவன் என் முகத்தையே சிலேட்டாக வைத்துக்கொண்டான். கண்ணைத் தொட்டு "ஃகன்" என்றான். பல்லைக் காட்டி "பல்" என்றான். "பல்லா?" என்றேன். "பல்" என்றான். வாய்க்குப் 'பை'. நம் வாயில் வகரம் வருகிற இடத்தில் அவர்கள் உதட்டை மூடித் திறக்கிறார்கள். மூன்றுக்கு 'மூந்த்'. நாலுக்கு 'நாஃக்'. நான் என்பதற்கு 'ஏன்', நீ என்பதற்கு 'நீன்'. ரயில் ஏறினால் இரண்டு நாள் ஆகும் ஊர். என் பல்லும் என் மூன்றும் என்னைக் கேட்காமல் எப்போதோ அங்கே போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கின்றன.

ககரத்தில் தொடங்க வேண்டிய சொல் சிலது அவர்களிடம் தொண்டைக்கு இறங்கிவிட்டிருக்கிறது. காலுக்கு 'ஃகெட்' என்றான். சொன்னதும் கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னொரு சத்தத்தை எழுதிக் காட்ட எனக்கு எழுத்தே இல்லை. 'கொடு' என்பதற்கு 'சி' என்று ஆரம்பித்து, மூச்சை அறுத்து, பிறகு 'ஆ' என்று ஒட்டவைக்கிறார்கள். விக்கல் வரப்போய் வராமல் போனதுபோல இருக்கும். நான் சொன்னபோது நிஜமாகவே விக்கல் வந்துவிட்டது. முன்சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவனுக்கும் விரதம், அதனால் நானும் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் மூக்கால் முடிகிற உயிரெழுத்துகள். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. நாமும் 'மரம்' என்று எழுதிவிட்டு வாயை மூடாமல் மூக்கால்தானே முடிக்கிறோம்? கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

"நாலுக்கு மேல?" என்று கேட்டேன்.

"அஞ்சுலேந்து இந்தி. நாலு வரிக்கும்தான் சொந்தம்." சிரித்தான். "களத்துல காயற நெல்லைக் காலால கிளறுவோம்ல, ஏர் ஓட்ற மாதிரி நாலு சாலு ஓட்டித் திரும்புவோம். நாலு போதும்ணா."

அந்தக் களத்து வேலைதான் அவள் அண்ணனுடையது. மறுநாள் காலைக்குள் ஆள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஊர் ஆளைப் போட்டுவிடுவார், புது ஆளோடு அவன் கூட்டமும் வந்து அறையில் இறங்கிவிடும் என்றும் சொன்னான். "கால் நல்லா ஆகி வந்தா அவன் எங்க படுப்பான்? அவ எங்க இருப்பா?" என் பாயின் நினைவுதான் வந்தது.

குவாரி முன்பைவிட ஆழமாகியிருந்தது. மரம் நின்றது. குவாரிக்காரர்கள் விட்டுவைத்ததற்குக் காரணம் கிட்டே போனதும் தெரிந்தது. வேரடியில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். பக்கத்துக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் போட்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொல்லைக்காரம்மா எழுந்து வந்தார்.

"யாருய்யா? மரத்தாண்ட இன்னா வேல?"

ஒரு கிளை வேண்டும் என்றேன்.

"எங்க கொலசாமிய்யா அது. கை வெச்சா கை இருக்காது. போ, போ."

"குவாரியில இருந்தவன்மா நான். இங்கதான் சோறு துன்னுவோம்."

"துன்னிங்களா? துன்னுட்டு எலயக்கூட எடுக்காம போட்டுட்டுப் போவிங்களே, அந்தக் கூட்டமா நீ?" என்றார். கொல்லையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

நான் அவள் அண்ணன் காலைப் பற்றிச் சொன்னேன். விரதத்தைச் சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டார், இளகவில்லை. "பாவந்தான். அதுக்கு எஞ்சாமிய ஒடிக்கணுமா?"

என்னோடு வந்தவன் இதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்துக்குப் போயிருந்தான். அவர்கள் வழக்கத்தில் கேட்காமல் வெட்டக்கூடாதாம். பையிலிருந்து குங்குமம் எடுத்து அடிமரத்தில் மூன்று இழுப்பு இழுத்தான். நூலைச் சுற்றினான். முட்டி போட்டு, நெற்றியை மரத்தில் வைத்து, குடுஃகில் பேச ஆரம்பித்தான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் அந்த ஃகரம் வருகிற இடமெல்லாம் இங்கே கேட்டது.

"பையனுக்குத் தொண்டையில சளியா?" என்றார் அந்தம்மா.

"இல்லம்மா. அவுங்க பாஷை அப்பிடி. மரத்தாண்ட கேக்கறான்."

"இன்னா கேக்கறான்?"

எனக்கு எப்படித் தெரியும்? காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 'ஃகெட்' என்று ஒருமுறை வந்தது. இன்னொரு முறையும் வந்தது. நடுவில் அந்த மூச்சறுந்த 'கொடு'.

"கால் குடுன்னு கேக்கறான்" என்றேன்.

அந்தம்மா அவன் முதுகைப் பார்த்தார். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, "ஏய், அந்தக் கொடுவாள எடுத்தா" என்றார். என்னிடம், "வடக்கால இருக்கறத வெட்டச் சொல்லு. கெழக்கால கெள மேல கை வெக்காதிங்க, அதுலதான் தொட்டிலு கட்டுவோம்" என்றார்.

கிளை தரையில் படக்கூடாது. அவன் மேலே ஏறி வெட்ட, கீழே நானும் இரண்டு பெண்களும் புடவை ஒன்றை விரித்துப் பிடித்தோம். "நல்லாப் புடிய்யா, மாப்ள மாதிரி நிக்கிற" என்று ஒருத்தி என்னை இடித்தாள். கிளை வந்து விழுந்தது. நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய கிளை. அந்தம்மா ஒரு கூடை பச்சை மல்லாட்டையை என் பையில் கொட்டி, "விரதம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணுக்கு வேக வெச்சிக் குடு" என்றார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும் பஸ் கோயில் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. அமாவாசையோ பௌர்ணமியோ இல்லை, ஆனாலும் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக ஜனம். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும், "யோவ், காட்டையே கொண்டாந்துட்டியா? எறங்கு, எறங்கு" என்றார்.

"ஒரே கெளதாங்க."

"கெளக்கு லக்கேஜ் போடணும்."

உள்ளே ஒரு பெரியவர், "திருவக்கரை பார்க்குல கல்லாப் போன மரம் எவ்ளோ கெடக்குது, அதுக்கெல்லாம் டிக்கெட் போட்டுட்டு வா, அப்பறம் இதுக்குப் போடு" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு விசில் ஊதினார்.

ஆனால் கிளையை வைக்க இடமில்லை. கீழே வைக்கக்கூடாது என்று நான் சொன்னதும் காரணம் கேட்டார்கள். சொன்னேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த கனத்த அம்மா ஒருவர், "குடு இங்க" என்று அடிக்கட்டையை மடியில் வாங்கிக்கொண்டார். அடுத்த சீட்டுக்காரர் நடுவைத் தாங்கினார். நுனி ஒரு கல்லூரிப் பெண்ணின் தோளுக்குப் போனது. இறங்குகிறவர்கள் அடுத்தவர் கையில் மாற்றிவிட்டு இறங்கினார்கள். "யாருக்கு?" "ஆஸ்பத்திரில கால் போச்சாம் ஒருத்தனுக்கு." "போகலய்யா, போகக்கூடாதுன்னுதான் இது." அந்தப் பேச்சும் கிளையோடு பின்னாலிருந்து முன்னால் போயிற்று. எத்தனையோ பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறேன், பெயர் தெரியாத அத்தனை கைகளுக்கு அன்றுபோல் எப்போதும் கடன்பட்டதில்லை.

மில் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. களம் முழுக்க சிமெண்டு, குழி தோண்ட முடியாது. ஒரு தார் டிரம்மைப் பாதியாக வெட்டி மண் நிரப்பி வைத்திருந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். கிளையைப் பார்த்ததும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தாள். அவள் தலையை ஆட்டவில்லை. கிளையை இரு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் இருட்டில் முளைக்க வைத்த பயிர் வைத்திருந்தாள், வெயில் படாமல் மஞ்சளாக நீண்டிருந்தது. அதையும் டிரம்முக்கு அருகில் வைத்தார்கள். அவர்களில் மூத்தவன் ஒருவன் கதை சொன்னான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குக் கதை புரியவில்லை. ஆனால் தெரிந்த சொற்கள் கூட்டத்தில் தெரிந்த முகம்போல அங்கங்கே வந்துபோயின. ஒரு பல், ஒரு மூந்த்.

பூசை முடிந்ததும் அவள் சுற்றிலும் பார்த்து, "அம்ம்" என்றாள்.

பஸ்ஸில் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று. தண்ணீர். பானை என் பக்கத்தில்தான் இருந்தது. யாரும் எழுந்திருப்பதற்கு முன் நான் செம்பில் மொண்டு நீட்டினேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள், கழுத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து அவள் பாஷையில் ஏதோ சொன்னாள், அவன் மொழிபெயர்க்க வந்தான். வேண்டாம் என்றேன்.

மேளம் எடுத்தார்கள். ஆடுவதைப் பார்க்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நடந்த உடம்பு, மூட்டை மேல் சாய்ந்ததும் தூங்கிவிட்டது.

விடிந்ததும் கிளையை எடுத்துப்போய் ஏரியில் விட்டார்கள். கரையில் நிற்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. துணைக்கு அங்கே இருந்தவன் பேசினான். அவள் காதில் வைத்துக் கேட்டாள். என்னோடு வந்தவன் எனக்குச் சொன்னான்: இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் இருக்கிறது. நடப்பான். மாதங்கள் ஆகும், ஆனால் நடப்பான்.

அவள் அழவில்லை. பக்கெட்டிலிருந்து மஞ்சள் பயிரைப் பிடுங்கி, அண்ணனுக்கு என்று ஒரு கொத்தை இலையில் சுற்றிப் பையில் வைத்தாள். வேகவைத்த மல்லாட்டையையும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள். அங்கிருந்த ஆண்கள் எல்லோர் காதிலும் ஒரு பயிரைச் செருகினாள். அண்ணன் தம்பிக்குத்தான் அப்படிச் செய்வது வழக்கமாம். என்னிடம் வந்தாள், என் காதிலும் செருகினாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கப் போனாள்.

களத்தில் மேஸ்திரி எங்களுக்காகக் காத்திருந்தார். "ஆடினது போதும். களத்துக்கு ஒரு ஆளு கொறையுது, நான் சொல்லிவுட்டுட்டேன், மத்தியானம் ஆளு வந்துரும். ரூம காலி பண்ணி வெய்யுங்க" என்றார்.

"நான் நிக்கறேங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். காதில் மஞ்சள் புல், தோளில் பை. "நீ யாரு? கிளறத் தெரியுமா?"

"நடக்கத் தெரியும்."

"உன்ன மாதிரி எத்தினி பேரப் பாத்துருக்கறேன். ஒரு வாரம் நின்னுட்டு ஓடிடுவிங்க. எத்தினி நாளு இருப்ப?"

"அவன் வர்ற வரிக்கும்."

"அவனுக்கு ஆறு மாசம் ஆனாலும் ஆகும்யா."

"ஆவட்டுங்க."

அவர் என் பையைக் கையால் காட்டினார். "அத உள்ள வெச்சிட்டு வா." அறையில் அவள் அண்ணனுடைய பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பையை வைத்தேன்.

அவித்த நெல்லை ஆவி பறக்கக் கொட்டிப் பரப்பினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முதலில் சுட்டது, பிறகு பழகிவிட்டது. பாதத்தைத் தூக்காமல் இழுத்து நடக்கவேண்டும், அப்போதுதான் சால் நேராக விழும். எதிர்ப்பக்கம் அவன் வந்துகொண்டிருந்தான். மூன்றாவது சால் முடிந்ததும் அங்கிருந்தே "மூந்த்!" என்று கத்தினான். நான் அடுத்த சாலை ஓட்டி முடித்தேன். களத்தின் விளிம்புக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. "நாஃக்!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன்.